நிலவியல் பட்டதாரிகளுக்கு வேலை எந்தப் பெயரில் இருக்கிறது?

யூ.பி.யூ. முடிவு வெளியாகும் நாளில் தோட்டப்புற வீடுகளிலும் நகரத்து அடுக்குமாடிகளிலும் ஒரே கதைதான். கேட்டது மருத்துவம் அல்லது பொறியியல். கிடைத்தது, பட்டியலை நிரப்புவதற்காக எழுதிப் போட்ட நிலவியல். கிடைத்த இடத்தை விடக்கூடாது என்று பிள்ளை சேர்ந்துவிடுகிறது. பட்டமளிப்புப் படம் சுவரில் ஏறிய பிறகுதான் "கல்லையும் மண்ணையும் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது சின்னக் கேள்வி அல்ல. பி.டி.பி.டி.என். கடனும் பின்னால் நிற்கிறது.

தமிழில் பெயரே பாதிக் குழப்பம். பள்ளியில் படித்த புவியியல் வேறு, நிலவியல் வேறு. ஜியோலஜி எனப்படும் நிலவியல் பாறை, மண், நிலத்தடி நீர், கனிமம் ஆகியவற்றைப் பற்றியது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. கிளந்தான் ஜெலி வளாகத்தில் புவி அறிவியல் என்ற பெயரில் கற்பிக்கிறார்கள்.

வேலை இல்லாமல் இல்லை. ஆனால் 'ஜியோலஜிஸ்ட் தேவை' என்று மட்டும் தேடுகிறவருக்கு அது கண்ணில் படுவது குறைவு. மண் ஆய்வு, தள மேற்பார்வை, கனிம ஆய்வு, குவாரி, நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் ஆய்வு என்று பல பெயர்களில் அது ஒளிந்திருக்கிறது. அரசுப் பணியிலும் 'கியோசைன்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும்.

புதிய பட்டதாரிக்கு எளிதில் திறக்கும் கதவு மண் ஆய்வு நிறுவனங்கள். மாடிக்கட்டடமோ பாலமோ எழும்பும் முன் நிலத்தைத் துளைத்துப் பார்த்தாக வேண்டும். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழும்; குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி பிடித்தது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். பாறை வந்துவிட்டால் உருளையாக வெட்டி எடுத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தில் அது எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால் பாறையின் தரம் தெரியும். வெயிலும் சேறும் உண்டு, சம்பளமும் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது. ஆனால் ஒரு துளையில் தவறாக எழுதிய எண், மேலே எழும் கட்டடத்தின் அடித்தளக் கணக்கையே கெடுத்துவிடும்.

அந்தப் பொறுப்பு என்னவென்று இந்நாட்டுக்குத் தெரியும். 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிவில் 48 பேர் மாண்டனர். 2022 டிசம்பர் 16இல் பத்தாங்காலி முகாமில் 31 பேர். 2024 ஆகஸ்டில் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கியதை நம் சமூகம் இன்னும் மறக்கவில்லை. தலைநகரின் பல பகுதிகளுக்கு அடியில் இருப்பது நீரில் கரையும் சுண்ணாம்புப் பாறை. அதைப் படித்து அறிந்தவர்கள் நாட்டுக்குத் தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அரசில் முக்கிய முதலாளி கனிம, புவி அறிவியல் துறை. நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் இணைந்து உருவானது இது. விண்ணப்பம் எஸ்.பி.ஏ. வழியாகத்தான். காலி இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளும். அழைப்பு வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. தனியார் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பதிவையும் உயிரோடு வைத்திருக்கலாம்.

எண்ணெய்த் துறையின் சம்பளம் எல்லாரையும் ஈர்க்கிறது. ஆனால் 2014இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் பட்டம் பெற்றவர்கள் பட்டபாடு சொல்லி மாளாது. அந்த ஒரு கதவை மட்டும் நம்பிப் படிக்கக்கூடாது.

பட்டத்தோடு சில சிறு அட்டைகளும் வேண்டும். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய சி.ஐ.டி.பி. பச்சை அட்டை தேவை. கடல்மேடைக்குப் போகிறவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள் கட்டாயம். செலவு அதிகம் என்பதால் வேலை உறுதியாகும் முன் சொந்தப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கார் ஓட்டும் உரிமம் இல்லாதவரைத் தள வேலைக்கு எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதத் தெரிந்திருக்க வேண்டும்; தேர்வில் நல்ல புள்ளி வாங்கியவர்களும் தடுக்கி விழுவது இங்கேதான்.

இறுதியாண்டுத் தொழிற்பயிற்சியை வீட்டுக்குப் பக்கம் என்று தேர்ந்தெடுக்காமல், துளையிடும் இயந்திரம் ஓடுகிற நிறுவனமாகப் பார்த்துப் போவது நல்லது. 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டத்தின் கீழ் வாரியம் இருக்கிறது. பட்டதாரிகள் அதில் பதிந்து, அனுபவத்தோடு அடுத்த படிக்கு உயரலாம். அதற்கு எந்தத் தளத்தில், எந்த மாதம், என்ன வேலை செய்தோம் என்ற விவரம் தேவைப்படும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் அவ்வப்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.