காப்பிக் கன்று வேர்கொண்ட வரலாறு

பெங்களூரு நகரின் வடமேற்கில், தும்கூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா. ஒரு காலத்தில் சிற்றூராக இருந்த இவ்விடம் 1970-களில் தொழிற்பேட்டையாக உருவெடுத்தது. தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் பலர் இங்குள்ள ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்து வருகின்றனர். பீன்யாவைக் கடந்து செல்லும் சாலை நெலமங்களாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தும்கூரை நோக்கிச் செல்ல, மற்றொன்று மேற்கே ஹாசன் நகரை அடைந்து மலைநாட்டினுள் ஏறுகிறது. ஹாசன், சிக்கமகளூரு, குடகு ஆகிய மாவட்டங்களைத் தன்னகத்தே கொண்ட கர்நாடக மாநிலமே இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அளிக்கிறது.

பீன்யாவில் முதல் ஆலை எழுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, தமிழர் அம்மலைகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டவை மண்வெட்டியும் கடப்பாரையும். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு சாண் உயரமுள்ள காப்பிக் கன்று. காப்பியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் விதை வந்த கதையையும் தோட்ட முதலாளிகளின் பெயர்களையும் விரிவாகப் பேசுகின்றன. ஆயினும் ஒரு தோட்டம் வாழ்வதும் வீழ்வதும் கன்று ஊன்றப்பட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே கன்றை நட்ட முறையையும், அதற்கு உரமிட்ட முறையையும் தொடர்ந்து சென்று அவ்வரலாற்றை இங்கே காண முற்படுவோம்.

பாபா புதன் என்னும் இசுலாமியப் பெரியார், மக்கத்துக்குச் சென்று திரும்புகையில் ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து, சிக்கமகளூருக்கு அருகிலுள்ள சந்திரதுரோண மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இது பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறுவர். அதன் பின்னர் நெடுங்காலம் காப்பி ஒரு கொல்லைப் பயிராகவே இருந்தது. மலைநாட்டு மக்கள் அதனை வீட்டை ஒட்டிய மரநிழலில் வளர்த்தனர். 1820-களிலும் 1830-களிலும் ஆங்கிலேயர் பெருந்தோட்டம் அமைக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. நம் தமிழகத்தில் சேர்வராயன் மலையில் காப்பி பரவியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். சேலம் மாவட்டக் கலெக்டர் காக்பர்ன் அதற்கு வழிகோலினார்.

தொடக்ககாலத் தோட்டக்காரர் பலர் கையாண்ட முறை எளியது. காட்டை வெட்டுவது, வெட்டியதைக் கொளுத்துவது, சாம்பல் படிந்த மண்ணில் கயிறு பிடித்து வரிசையாகக் குழி எடுப்பது, கன்றை நடுவது என்ற நான்கு வேலைகளோடு அது முடிந்தது. முதற்சில ஆண்டுகள் செடி வியக்கத்தக்க வகையில் வளர்ந்தது. அதற்கு உரம் எதுவும் தேவைப்படவில்லை. காரணம் யாதெனின், பல நூற்றாண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைகளின் வளம் முழுவதும் அம்மண்ணில் சேர்ந்து கிடந்தது. எரிந்த மரங்களின் சாம்பலும் சாம்பல்சத்தையும் சுண்ணாம்பையும் ஒருசேர அளித்தது.

ஆனால் அது ஈட்டிய செல்வமன்று. முன்னோர் சேர்த்து வைத்த முதலை எடுத்து உண்ட செயலே ஆகும். தீயிலே தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. மக்கிய இலைப் படலம் கருகிற்று. நிழல் நீங்கிய மலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை நேராக வீழ்ந்து மேல்மண்ணை ஓடைக்கு அடித்துச் சென்றது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செடி மெலிந்தது. உடனே தோட்டக்காரர் அடுத்த காட்டை நோக்கினர்.

இம்முறையின் விளைவை மிகக் கடுமையாக அனுபவித்த நாடு இலங்கை. அங்கே கண்டிச் சீமை மலைகளில் நிழலற்ற காப்பித் தோட்டங்கள் மலை மலையாகப் பரந்திருந்தன. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற தொழிலாளர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து அத்தோட்டங்களை அடைந்தனர். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் அங்கே கண்டறியப்பட்டது. இலையின் அடியில் மஞ்சள் பொடிபோலத் தோன்றும் அந்நோய், இடைவெளியின்றிப் பரந்த ஒரே பயிரின்மீது காற்றோடு விரைந்து பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

அதே காலத்தில் மைசூரிலும் குடகிலும் வேறொரு பகை எழுந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் புழு, செடியின் தண்டினுள் புகுந்து அதனைக் குடைந்து மாய்த்தது. இதனை ஆராயுமாறு சென்னை அரசாங்கம் டாக்டர் ஜார்ஜ் பிடி என்பவரைப் பணித்தது; அவருடைய அறிக்கை 1869-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெயில் நேராகப் படும் செடியையே அவ்வண்டு நாடுகிறது என்பதும், நல்ல நிழலில் நிற்கும் செடிக்குத் தீங்கு குறைவு என்பதும் தோட்டக்காரருக்குப் புலனாயின. நிழல் துருநோய்க்கு மருந்தாகவில்லை. அதற்குத் தாங்குதிறன் உள்ள வகைகளும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் பின்னரே துணைசெய்தன. ஆயினும் துளைப்பானுக்கு எதிராக நிழல் ஒரு காவலாயிற்று; மழையின் வேகத்தைத் தணிப்பதும், இலை உதிர்த்து மண்ணைப் பேணுவதும் அந்நிழலே. மலைநாட்டு மக்கள் கொல்லையில் மரநிழலில் காப்பி வளர்த்த பழைய வழக்கத்தை, பெருந்தோட்டம் பெரும்பொருளை இழந்த பின்னரே ஏற்றுக்கொண்டது.

மஞ்சராபாத் பகுதியில் 1850-களில் குடியேறிய ராபர்ட் எலியட் என்னும் தோட்டக்காரர், 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிழலுக்கும் உரத்துக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கி எழுதியுள்ளார். காட்டு மண்ணின் வளம் தீர்ந்த பிறகு தொழுவுரம், எலும்புத் தூள், புண்ணாக்கு ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது தோட்டத்தின் நிலையான செலவாகிவிட்டதை அக்கால எழுத்துகளால் அறிகிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலன்றி மண் தராது என்ற உண்மை கணக்குப் புத்தகத்தில் ஏறிய காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வறிவு முறைப்படுத்தப்பட்டது. துருநோயைத் தாங்கி நின்ற செடியிலிருந்து 1911-ஆம் ஆண்டளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘கென்ட்ஸ்’ வகை தோட்டங்களில் பரவியது. மைசூர் அரசின் வேளாண்மைத் துறைக்குத் தலைமை தாங்கிய கனடா நாட்டு அறிஞர் லெஸ்லி கோல்மன் காப்பி ஆராய்ச்சியில் ஊக்கம் காட்டினார். 1925-ஆம் ஆண்டில் சிக்கமகளூரு மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வாரியம் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கலாயிற்று. பாலெஹொன்னூர் நிலையம் பின்னர் அவ்வாரியத்தின் மைய ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

பல தலைமுறைகளின் இழப்பிலிருந்து பிறந்த நடவு முறை இன்று எவ்வாறு உள்ளது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம்முள் சிலருக்கு ஏற்காட்டிலோ, கொல்லிமலையிலோ, பழனிமலைச் சரிவிலோ சிறு நிலம் இருத்தலும் கூடும். அவர்களுக்கு இது நேராகவே பயன்படும்.

மார்கழி, தை மாதங்களில் தேர்ந்த விதைகளை நாற்றங்காலில், தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு நெருக்கமாக விதைக்கின்றனர். ஏறத்தாழ 45 நாட்களில் முளை மேலெழும். விதை தலையிலே குல்லாய்போல நிற்கும் பருவத்தில் நாற்றைப் பிடுங்கிப் பைகளுக்கு மாற்றுவர். காட்டு மண் ஆறு பங்கு, நன்கு மக்கிச் சலித்த தொழுவுரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற அளவில் பைகளை நிரப்புதல் மரபு. பந்தல் நிழலில் கன்று வளர்கிறது.

நடவேண்டிய நிலத்தில் கோடை மழை விழுந்தவுடன், நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுக்க வேண்டும். எடுத்த குழியைச் சில வாரம் வெயிலும் காற்றும் படுமாறு திறந்து விடுதல் நன்று. பின்னர்ச் சுற்றிலுமுள்ள மேல்மண்ணைக் கொண்டே குழியை மூடுதல் வேண்டும். அராபிக்கா வகைக்கு ஆறு ஏழு அடியும், ரோபஸ்டா வகைக்குப் பத்துப் பன்னிரண்டு அடியும் இடைவெளி விடுவர். சரிவு நிலத்தில் வரிசை மேலிருந்து கீழாகச் செல்லலாகாது. மலையை வளைத்துச் சமமட்டமாகச் செல்ல வேண்டும். பழைய தோட்டங்களில் நேர்வரிசைகளே மழைநீருக்கு வாய்க்காலாகி மண்ணைக் கொண்டுபோனமை இதற்குக் காரணம்.

மண்கட்டியோடு பெயர்த்த பெரிய கன்றுகளை ஆனி மாத மழையிலும், பைக் கன்றுகளைப் புரட்டாசி, ஐப்பசியிலும் நடுவது வழக்கம். நடும்போது கவனிக்க வேண்டியது ஆணிவேர். அது மடங்கியோ சுருண்டோ இருப்பின் அந்நுனியை நறுக்கிவிட்டு நேராக இறக்க வேண்டும். மடங்கிய வேரோடு மண்ணுள் சென்ற கன்று இரண்டு ஆண்டு பசுமையாக நின்று, பின்னர் ஒரு கோடையில் காரணம் தெரியாமல் வாடும். கன்றைச் சுற்றி மண்ணை அழுத்தி, நீர் தேங்காதவாறு சிறிது உயர்த்தி, காற்றில் ஆடாதபடி ஒரு கொம்பு ஊன்றிக் கட்டுவர். கலியாண முருங்கைக் கொம்புகளை நட்டு உடனடி நிழலையும், சில்வர் ஓக், பலா, அத்தி இனமரங்களால் நிலையான நிழலையும் அமைப்பர். மழை ஓயும் காலத்தில் தழையையும் சருகையும் தூரைச் சுற்றி மூடாக்காகப் பரப்புவர்.

உரத்தைப் பொறுத்தமட்டில், கன்று சிறு குழந்தைக்கு ஒப்பானது; ஒரே வேளையில் மிகுதியாக ஊட்டுதல் கேடு. நட்ட முதலாண்டில் ஹெக்டேருக்குத் தழைச்சத்து 15 கிலோ, மணிச்சத்து 10 கிலோ, சாம்பல்சத்து 15 கிலோ என்ற அளவில், மார்ச், மே, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் வேளைதோறும் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இது வேளைக்கு 20, 10, 20 கிலோவாக உயரும். உரத்தைத் தண்டோடு சேர்த்துக் கொட்டாமல், சற்றுத் தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடவேண்டும். மண் புளிப்பாக இருப்பின் அதனைச் சோதித்து, அதற்கேற்பச் சுண்ணாம்பு இடுதல் இன்றியமையாதது. புளித்த மண்ணில் இட்ட உரம் செடிக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை.

இவ்வளவும் அறிவியல் நூல்களில் உள்ளவை. இவற்றை மண்ணில் செய்து முடித்த கைகள் யாருடையவை? குழி எடுத்தவரும், எருக்கூடை சுமந்து மலையேறியவரும், கொட்டும் மழையில் கம்பளி போர்த்துக் கன்று ஊன்றியவரும் தமிழர், கன்னடியர், துளுவர் ஆகிய உழைப்பாளிகளே. மேஸ்திரி கொடுத்த முன்பணமே அவர்களை மலைக்குக் கொண்டுவந்தது. முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கியவரை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அச்சட்டம் நீங்க 1920-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணின் வளத்தை உண்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்த அதே மனப்பான்மை, மனிதரின் வலிமையையும் அவ்வாறே உண்டது. தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் அளிப்பதைக் கடமையாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. மண்ணுக்கு உரமிட வேண்டும் என்று தோட்டம் கற்ற காலத்துக்கும், மனிதருக்கு உரிமை வேண்டும் என்று சட்டம் கூறிய காலத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

அக்காலத்து லயங்களில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. கல்வி பெற்று நகரங்களை அடைந்துள்ளனர். இது மகிழத்தக்கதே. ஆயினும் எந்தச் சரிவில் எந்த மரநிழல் நன்று, எவ்வளவு ஈரத்தில் குழியை மூடவேண்டும், மடங்கிய வேரைக் கைவிரலால் எவ்வாறு உணர்வது என்பன போன்ற அறிவு அந்த முதியவர்களோடு மறைந்து வருகிறது. அவர்கள் அதனை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்குமாறு எவரும் அவர்களைக் கேட்கவுமில்லை.

பெங்களூரிலும், மைசூரிலும், குடகிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வீட்டிலோ அண்டையிலோ தோட்டத்தில் உழைத்த பெரியவர் ஒருவர் இருப்பின், அவர் எந்த ஆண்டில் எந்த மலைக்குச் சென்றார், எவ்வாறு குழி எடுத்தார், என்ன எரு இட்டார், என்ன கூலி பெற்றார் என்பவற்றைக் கேட்டு ஓர் ஏட்டில் குறித்து வைப்போமாக. தோட்டத்துக் கணக்குப் புத்தகங்கள் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதுகாத்துள்ளன. நட்டவரின் பெயர்களைப் பாதுகாக்க வேண்டியவர் நாமே.