உள்ளத்தின் நலம் பேணிய பல்கீ

கவலை மேலிட்டு வாடுவோரைக் கண்டால் ‘ஈமானில் குறை’ என்று தீர்ப்புரைக்கும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோரே, துயரால் உண்ணாது உறங்காது கிடக்கும் மகளை நோக்கி, “உனக்குத் தவக்குல் வேண்டாமா?” என்று கடிந்துகொள்கின்றனர். வெளியார் அறிந்தால் நிக்காஹ் பேச்சுக்கு இடையூறாகும் என மூடிமறைப்போரும் உளர். இவ்வழக்கத்தை மார்க்கத்தின் மீது ஏற்றிச் சொல்வது தகாது.

மகனைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருமறையின் யூசுஃப் அத்தியாயம் கூறுகின்றது. அவர்களை ஈமான் குன்றியவர் என்று எவர் கூறத் துணிவர்? அண்ணல் நபி (ஸல்) அவர்களும் ஹம்மு, ஹுஸ்னு ஆகிய இரண்டிலிருந்தும் இறைவனிடம் காவல் தேடக் கற்றுத் தந்துள்ளார்கள். வரவிருப்பதை எண்ணி வாடுதல் ஹம்மு. கடந்ததை எண்ணி வருந்துதல் ஹுஸ்னு என மொழிவல்லார் விளக்குவர்.

இவ்வுள்ளத் துயர்களை நோயென்றே கொண்டு நூல் யாத்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்த பல்க் நகருக்கு அண்மையில் ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 235-ஐ (கி.பி. 850) ஒட்டிப் பிறந்தார். தந்தையார் சிறார்க்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர். மகனும் முதலில் அப்பணியையே மேற்கொண்டார். (ஆசிரியத் தொழிலில் உழல்வோர் உள்ளத் துயரைப் பற்றி எழுதுவதில் வியப்பில்லை!) பின்னர் இராக் சென்று கல்வி பயின்றார், மெய்யியலறிஞர் அல்-கிந்தீயின் மாணவர் எனப் பெயர் பெற்றார். தேசப்படம் வரைவதில் இவர் வகுத்த நெறியை இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் முதலானோர் பின்பற்றினர். ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்தார்.

அன்னாரின் நூலுக்கு ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது பெயர்; உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்பது பொருள். முற்பகுதி உடலைப் பற்றியது. எட்டு அத்தியாயங்கள் கொண்ட பிற்பகுதி உள்ளத்தைப் பற்றியது. உடற்பிணி ஏதுமின்றிப் பல நாள்களைக் கழிப்போர் உண்டு. உள்ளத்தின் அலைக்கழிவோ எவரையும் விட்டுவைப்பதில்லை. அங்ஙனமிருந்தும் மருத்துவர்கள் அதனைப் புறக்கணித்தனர் என்பது அவர் எழுப்பும் குறை. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்கினை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் அமைத்தார்.

அவர் கூறும் வழிகளுள் ஒன்று நம் சிந்தைக்குரியது. விவேகமுள்ளவன் உடல் நலத்தோடு இருக்கும்போதே அவசரத்துக்கென மருந்து சிலவற்றை வீட்டில் வைத்திருப்பான். அதுபோல, உள்ளம் அமைதியாயிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சிந்தித்துச் சேமித்து வைத்தல் வேண்டும். புயலடிக்கும்போது அவற்றை எடுத்துப் பயன்கொள்ளலாம் என்கிறார். அச்சத்தைப் பற்றிப் பேசுகையில் பாலைவாசி ஒருவனை உவமை காட்டுகின்றார். ஈரநாட்டுக்குள் புகுபவன் அடர்ந்த மூடுபனியைத் தொலைவில் கண்டு, கடக்கவொண்ணாத் திண்பொருளென மிரளுகின்றான். உள்ளே நுழைந்தபின் அது தான் மூச்சுவிடும் காற்றே எனக் காண்கின்றான்.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தது அதனினும் நுட்பமானது. காரணம் தெரிந்த துயர் ஒன்று: உற்றாரை இழத்தல், பொருளை இழத்தல் போன்றவற்றால் வருவது. அதற்குச் சிந்தனையும் நல்லோரின் அறிவுரையும் மருந்து. காரணமே தெரியாது கவிந்து, எதிலும் நாட்டமின்றிச் செய்வது மற்றொன்று. அது உடலிலிருந்து, குருதியின் கேட்டிலிருந்து, எழுவதென்றும் அதற்கு உடல் மருத்துவம் தேவையென்றும் எழுதினார். குருதி பற்றிய அக்கருத்து இன்று நிலைக்கவில்லை. ஆயினும், புத்திமதியால் மட்டுமே தீராத துயரும் உண்டென அவர் கண்டுகொண்டது நிலைத்துவிட்டது.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் என்பார், பௌத்தத் தியானத்தைத் தழுவி, அன்றன்றைய கணத்தில் உள்ளத்தை ஊன்றச்செய்யும் பயிற்சியை நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இது நம்மிடமிருந்து சென்றதே என முழங்குவோர் சிலர், அதற்குச் சான்றில்லை. உள்ளத்தைக் கண்காணிக்கும் முராகபாவையும், தன்னைத்தானே கணக்குக் கேட்கும் முஹாஸபாவையும் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் இஹ்யாவில் தனி நூலாகவே வகுத்தார்கள். ஆயினும் அவர்கள் நாடியது இறைநெருக்கம். உறக்கமும் பசியும் திரும்புவது அவர்களின் முதல் நோக்கமன்று. நோய் நீங்குதலையே குறியாகக் கொண்டு எழுதியவர் பல்கீ. இரண்டையும் ஒன்றெனக் குழப்பாதிருத்தல் நன்று.

அவர் நூலின் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்பூலின் அயாசோஃபியா நூற்றொகுதியில் இருந்தன. அந்நூலை 1984-இல் ஃபுவாத் ஸெஸ்கின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியை சூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-இல் தந்தார்.

அப்பகுதியின் எட்டாவது, இறுதி அத்தியாயம் வஸ்வாஸைப் பற்றியது. அந்நோயுற்றவர் தனிமையையும் சும்மாயிருத்தலையும் தவிர்க்க வேண்டும். உறவினரோடும் நண்பரோடும் கலந்திருக்க வேண்டும். உள்ளத்தை ஈர்க்கும் பணியில் ஈடுபட வேண்டும் என்று அதில் எழுதியுள்ளார். நம் வீடுகளிலோ அத்தகையோர் பெரும்பாலும் விருந்தினர் வரும் வேளையில் பின்கட்டுக்கு அனுப்பப்படுகின்றனர்.