தண்ணி சுமந்தவரும் சிப்பாய்தான்

1/ மே மாச உச்சி வெயில்ல நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறியிருக்கீங்களா? பாதி வழியிலயே நாக்கு வறண்டுடும். கையில இருக்கிற தண்ணி பாட்டில்தான் அப்போ உயிர். அப்படி ஒரு வெயில்ல அடுத்தவங்களுக்காகத் தண்ணி சுமந்தவரோட கதை இது.

2/ 1939ல் வந்த ஹாலிவுட் படம் 'கங்கா தின்'. இயக்கம் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். கேரி கிராண்ட் உட்பட மூணு பேர் பிரிட்டிஷ் சார்ஜென்ட்களா வந்து அடிதடி, கலாட்டா, புதையல் வேட்டைன்னு சிரிக்க வைப்பாங்க. கதை நடப்பது இந்தியாவின் வடமேற்கு எல்லையில். எடுத்ததோ கலிபோர்னியாவின் லோன் பைன் பக்கத்து வறண்ட பாறைக்காட்டில்.

3/ கங்கா தின் அந்தப் படைக்குத் தோல் பையில் தண்ணி சுமக்கிற இந்தியர். நடிச்சவர் நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபி, முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கிட்டு! பாத்திரத்துக்கு ஒரே ஆசை: சிப்பாய் ஆகணும்.

4/ கடைசியில் காயத்தோட கோயில் உச்சியில ஏறி, பியூகிள் ஊதி, பிரிட்டிஷ் படையை எச்சரிச்சுட்டு சாகிறார். செத்த பிறகுதான் கார்ப்பரல் பதவி.

5/ காளியைக் கும்பிடுறவங்களைக் கொலைகாரக் கூட்டமா காட்டின படம் இது. பம்பாய், வங்காள மாகாணங்களில் தடை விழுந்தது. அதுக்கு முந்தின வருஷம்தான் 'தி டிரம்' படத்தை எதிர்த்து பம்பாயில் போராட்டம் நடந்திருந்தது.

6/ இப்போ நிஜக் கதை. 1857 டெல்லி முற்றுகையில் கைட்ஸ் படைக்குத் தண்ணி சுமந்தவர் ஜுமா. கிப்ளிங் எழுதிய கங்கா தின்னுக்கு இவர்தான் முன்மாதிரின்னு சொல்றவங்க உண்டு. குண்டு மழைக்கு நடுவே தண்ணி கொடுத்த அவருக்கே வீரப் பதக்கம் தரணும்னு சிப்பாய்களே கேட்டதா அந்தப் படையின் வரலாறு சொல்லுது. அப்புறம் சிப்பாயா சேர்ந்து, அதிகாரியாவும் உயர்ந்தார். உயிரோட!

7/ ஒரு டாக்டரா சொல்றேன். கடும் வெயில்ல உடல் உழைப்பு செஞ்சா ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலகூட வியர்வை போகும். தண்ணி வரலைன்னா எதிரி சுடவே வேண்டாம், படை தானா விழுந்துடும். ஜுமா செஞ்சது எடுபிடி வேலை இல்ல, உயிர் காக்கிற வேலை.

8/ சினிமா அவரைச் சாகடிச்சுட்டு சல்யூட் அடிச்சது. கூட நின்ன சிப்பாய்கள் உயிரோட இருக்கும்போதே மரியாதை கேட்டாங்க. நமக்குத் தண்ணி கொண்டு வந்து தர்றவங்க விஷயத்தில் நாம யார் பக்கம்?