காலணாப் புள்ளி



பச்சை குத்த என்ன செலவாகும் என்று கேட்டால் உலகில் ஊருக்கு ஊர் வேறு மறுமொழி கிடைக்கும். அந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் மறுமொழி தந்தவர், தருமபுரத்தில் எங்கள் அயலில் வாழ்ந்த ஓர் ஆச்சி. மலையகத் தோட்டமொன்றில் பிறந்து, 1977 வன்செயலின் பின் வன்னிக்கு வந்தவர். அவருடைய முன்கையில் ஒரு சிறு கோலமும் மூன்று புள்ளிகளும் இருந்தன.

"எவ்வளவு குடுத்தனீங்கள் ஆச்சி?" என்று சிறுவனாகிய நான் கேட்டேன்.

"ஒரு கொத்து அரிசி, ஒரு தேங்கா, வெத்தல பாக்கு. அம்புட்டுத்தான்யா," என்றார்.

பல ஆண்டுகளின் பின், எட்கார் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற நூலைப் புரட்டியபோது ஆச்சியின் கணக்கு நினைவுக்கு வந்தது. பச்சை குத்தும் குறத்தியரின் கூலி, ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா. நுணுக்கமான கோலத்துக்கு 12 அணா. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம் அது. எளிய புள்ளிக்கும் அரிய கோலத்துக்கும் இடையே 48 மடங்கு வேறுபாடு. உள்ளூர்களில் காசுக்குப் பதில் அரிசியும் பொருளுமே கூலியாயின என்றும் அவர் எழுதியுள்ளார்.

மைக்குச் செலவில்லை. அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். அந்தக் கரி தோலுக்கடியில் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். பெயரும் அதனால் வந்ததே. சங்க காலத்துத் தொய்யில் கழுவினால் அழியும், இது அழியாது. ஆகவே குறத்தி பெற்ற கூலி அவளுடைய கைத்திறனுக்கும், வலி மறக்க அவள் பாடும் பாட்டுக்குமே உரியது. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி தன் மேனியிலுள்ள அணிகலன்களை, குறி சொல்லிப் பெற்ற பரிசு என்பாள். அது இலக்கியச் சிங்கி. ஊர்க் குறத்திக்கு ஒரு கொத்து அரிசி.

உலகம் முழுவதும் இக்கணக்கு இப்படித்தான் எழுந்தது. சமோவாத் தீவில் இடையிலிருந்து முழங்கால் வரை குத்தும் கலைஞருக்கு நுண்ணிய பாய்களும் உணவும் கொடுப்பது மரபு. 1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரைலி மின்பொறிக்கு உரிமம் பெற்றார், வேலை விரைவாயிற்று. மஞ்சட்காமாலைத் தொற்றைக் காட்டி அதே நகரம் 1961இல் பச்சை குத்தலைத் தடைசெய்தது. 1997இல்தான் தடை நீங்கியது. இன்று ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, கருவிகளின் தூய்மை, நாட்டின் கூலி நிலை, கடை வாடகை, உருவின் அளவு, நிறம், உடலின் இடம், செலவாகும் மணிநேரம், கலைஞரின் பெயர் ஆகியவை எல்லாம் சேர்ந்தே விலையாகின்றன. மலிவு தேடுபவர் முதலில் ஊசியைப் பற்றிக் கேட்கட்டும். குத்திய பச்சையை அழிக்க லேசர்க் கதிரை நாடினால், பலமுறை போகவேண்டி, குத்திய செலவையே மிஞ்சிவிடக்கூடும்.

விலைப்பட்டியலில் வராத செலவும் உண்டு. 2014இல், கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவில் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்து, இழப்பீடு வழங்கப் பணித்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் உடம்பின் ஒவ்வொரு வடுவுக்கும் விளக்கம் சொல்லி நின்ற நம்மவர்க்கு, தோலில் ஒரு குறி என்ன கேட்கும் என்பது தெரியும்.

1996 இடப்பெயர்வில் ஆச்சி தன் காப்பை விற்றார். தோடும் பின்னர் போயிற்று. "இத யாரும் அடகு புடிக்க மாட்டாங்க, சாகிறப்ப கூடவே வரும்," என்று முன்கையைத் தடவிச் சிரித்தார். இன்று அவர் இல்லை.

இக்காலத்தில் கலைஞரின் பெயர்தான் விலையை உயர்த்துகிறது. தர்ஸ்டன் காலணாவைக் குறித்துவைத்தார். ஆச்சிக்குக் குத்தியவளின் பெயரை யாரும் குறிக்கவில்லை. நானும் கேட்காமல் விட்டேன். உங்கள் வீட்டில் பச்சை குத்திய கையொன்று இருந்தால், கூலியோடு அந்தப் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.