கடன்பட்ட கும்மட்டங்கள்

சென்னைக் கடற்கரைச் சாலையின் பழைய கட்டிடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் உபயோகிக்கிற வார்த்தை 'சங்கமம்'. கிழக்கும் மேற்கும் அங்கே ஒன்றாகிவிட்டனவாம். இந்தோ-சாரசனிக் என்ற பெயரும் இந்தச் சமரச பாவனைக்குத் தோதாகவே இருக்கிறது. பாங்க்கில் லெட்ஜர் எழுதிப் பிழைக்கிற எனக்கு எந்தச் சங்கமத்தைக் கண்டாலும் யார் பற்று, யார் வரவு என்று பார்க்கத் தோன்றுகிறது. இந்தக் கணக்கைச் சேப்பாக்கத்தில் தொடங்க வேண்டும்.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் அரண்மனை 1768-இல் அங்கே எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்று சொல்லப்படுகிறது. பென்ஃபீல்ட் கம்பெனி உத்தியோகஸ்தர். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரிய புள்ளி. யுத்தத்துக்கும் ஆடம்பரத்துக்கும் வாங்கிய கடனுக்கு ஈடாக நவாப் ஜில்லாக்களின் நிலவரி வசூலையே எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் பென்ஃபீல்ட் கொண்டாடிய பாத்தியதையையொட்டி எழுந்த சச்சரவில், 1776-இல் கவர்னர் பிகாட்டை அவருடைய கவுன்சிலே கைது செய்தது. மறு வருஷம் காவலில் இருக்கும்போதே அவர் இறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தக் கடன்களின் யோக்கியதையை நார் நாராகக் கிழித்தார். கடைசியில் வட்டி கட்டியவன் குடியானவன்.

மற்றது சுருக்கமான கதை. 1801-இல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டம் ரத்தாயிற்று. அரண்மனை சர்க்கார் சொத்தாகி, பிறகு நிலவரியை நிர்வகிக்கும் வருவாய் வாரியத்தின் ஆபீஸாக மாறியது. எந்த வரியை ஈடு வைத்து நவாப் வாழ்ந்தாரோ, அந்த வரியின் தஸ்தாவேஜுகள் அவர் வீட்டிலேயே வந்து குடியேறின.

இதற்குப் பிறகுதான் கட்டிடக் கலை பாஷை மாறுகிறது. ராபர்ட் சிஷோம், 1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியை இத்தாலியப் பாணியில் அமைத்தவர். வருவாய் வாரியத்துக்காகச் சேப்பாக்கத்தில் வேலை செய்தவரும் அவரே. 1879-இல் முடிந்த அவருடைய செனட் ஹவுஸில் மூலைக்கு மூலை கும்மட்டம் வைத்த கோபுரங்கள். 1892-இல் ஹைகோர்ட், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மதராஸ் பாங்க்கின் தலைமைக் கட்டிடம் என்று கும்மட்டங்கள் பெருகின. டெல்லியின் கடைசி பாதுஷா 1858-லேயே ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டாகிவிட்டது. சுல்தான்களும் நவாப்களும் போனபின் அவர்களுடைய உடுப்பு மட்டும் சர்க்காருக்குத் தேவைப்பட்டது. கிரேக்கத் தூண் 'ஜெயித்து வந்தோம்' என்று ஒப்புக்கொள்கிறது. கும்மட்டமோ 'எப்போதும் இங்கேதான் இருந்தோம்' என்று சாதிக்கிறது. இந்த இரண்டாவது பொய் நுட்பமானது, அதனாலேயே நீடிக்கிறது.

இவை அழகற்றவை என்று நான் சொல்லவில்லை. செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடிகளில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். 2012-இல் தீயில் எரிந்த கலஸ் மகாலைத் திருத்திக் கட்டியதும் நல்ல காரியம்தான். ஆனால் அழகு ரசீதாகிவிடாது. சேப்பாக்கத்துச் சுவரில் சுண்ணாம்போடு தஞ்சாவூர் நெல்லும் குழைந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் 'பாரம்பரியம்' என்று பெயர்ப்பலகை மாட்டுவது, பாக்கி நிற்கும் கணக்கை முடித்துவிட்டதாக எழுதுவது போலத்தான்.