மாதத்தின் பெயரும் மக்களின் ஒப்புதலும்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632), மினாவில் ஹஜ்ஜுப் பெருநாளன்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்களை நோக்கி, இது எந்த மாதம் என்று வினவினார்கள். ஹஜ் செய்வதற்கென்றே பயணம் வந்திருந்த மக்கள் அவர்கள். அது துல்ஹஜ் மாதம் என்பதை அறியாதார் அங்கு எவருமிலர். எனினும், அல்லாஹ்வும் அவனுடைய தூதருமே நன்கறிவர் என்று கூறி அமைதி காத்தனர். நபியவர்கள் அம்மாதத்திற்கு வேறு பெயர் சூட்டப் போகிறார்களோ என்று எண்ணியதாக, அந்நிகழ்வை அறிவிக்கும் அபூபக்ரா (ரலி) அவர்களே கூறுகிறார்கள்.

ஒரு மாதத்தின் பெயர் மாறக்கூடும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றிற்று? மரியாதை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பிறந்து வளர்ந்த அரபுச் சமுதாயத்தில் மாதத்தின் பெயர் உண்மையிலேயே மாறி வந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய நான்கும் போர் விலக்கப்பட்ட புனித மாதங்கள். வணிகர்கள் அச்சமின்றிச் சந்தைகளுக்குச் சென்றதும், பகைக் குலத்தார் ஒரே பாதையில் நடந்ததும் அம்மாதங்களின் பாதுகாப்பில்தான். ஆனால் முதல் மூன்றும் அடுத்தடுத்து வருபவை. கொள்ளைப் போரையே பிழைப்பாகக் கொண்ட குலங்களுக்கு மூன்று மாதம் வாளை உறையிலிடுவது பெரும் சுமையாக இருந்தது. ஆகவே ஹஜ் முடிந்ததும் கினானா குலத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, இவ்வாண்டு முஹர்ரமின் புனிதத்தை ஸஃபருக்குத் தள்ளி வைத்தோம் என்று அறிவிப்பார். இதற்கு நஸீஉ என்று பெயர். இவ்வுரிமை ஒரு குடும்பத்தில் வழிவழியாக வந்ததை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். இஸ்லாம் வந்தபோது அதனை வகித்தவர் ஜுனாதா இப்னு அவ்ஃப். (மாதங்களைப் பருவங்களோடு பொருத்துவதற்கான இடைச்செருகலே நஸீஉ என்று விளக்குவோரும் உளர்.)

இதில் எவரும் ஏமாற்றப்படவில்லை என்பதே நமக்கு வியப்பளிப்பது. வானில் தோன்றியது முஹர்ரம் பிறை என்பதை அனைவரும் அறிவர். ஆயினும் அனைவரும் ஒப்புக்கொண்டமையால், அம்மாதத்தில் உருவிய வாளுக்குப் பழிச்சொல் இல்லாமற் போயிற்று. எண்ணிக்கையை மட்டும் நான்காகச் சரிக்கட்டிக்கொண்டு, அல்லாஹ் விலக்கியதை ஆகுமாக்கிய இச்செயலைத் திருக்குர்ஆன் (9:37) இறைமறுப்பின் மிகுதி என்றே கண்டிக்கிறது. இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள், காலம் தன் தொடக்க அமைப்புக்கே திரும்பிவிட்டதாக அறிவித்து, ரஜபைக் குறிப்பிடும்போது முளர் குலத்தாரின் ரஜப் என்றும், ஜுமாதாவுக்கும் ஷஅபானுக்கும் இடைப்பட்டது என்றும் எல்லை கட்டியே சொன்னார்கள். ரபீஆ குலத்தார் ரமளானை ரஜப் என்று அழைத்து வந்ததே அதற்குக் காரணம் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்.

இவ்வாறு மாதங்களின் எண்ணிக்கையும் வரிசையும் மனிதர் கையிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனால் ஒரு மாதம் என்று தொடங்குகிறது என்பது மனிதரின் கண்ணுக்கும் சாட்சியத்துக்கும் விடப்பட்டது. பாலைவனத்திலிருந்து வந்த ஒரு கிராமவாசி பிறை கண்டதாகச் சொல்ல, அவர் கலிமாவை ஏற்றவர்தாமா என்று மட்டும் கேட்டறிந்து, மறுநாள் நோன்பு என்று அறிவிக்குமாறு பிலால் (ரலி) அவர்களை நபியவர்கள் பணித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. ஒருவர் கண்ட பிறை ஓர் ஊரின் நோன்பாயிற்று.

ஊருக்கு ஊர் வேறுபாடும் அன்றே எழுந்தது. உம்முல் ஃபழ்ல் (ரலி) அவர்கள் குறைபைச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளி இரவில் பிறை தெரிந்து, முஆவியா (ரலி) அவர்களும் மக்களும் நோன்பு நோற்றனர். மாத இறுதியில் மதீனா திரும்பிய குறைபிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், நாங்கள் சனி இரவில்தான் கண்டோம். முப்பதை நிறைவு செய்யும்வரை அல்லது பிறையைக் காணும்வரை நோற்போம் என்றார்கள். முஆவியாவின் பிறை போதாதா என்ற வினாவுக்கு, நபியவர்கள் எங்களுக்கு இவ்வாறே கட்டளையிட்டார்கள் என்று விடை வந்தது. இரு நகரங்களிலும் நோன்பு நோன்பாகவே இருந்தது.

ஆண்டுக் கணக்கு வந்ததும் கலந்தாலோசனையால்தான். பஸராவிலிருந்து அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள், தேதியிடப்படாத கடிதங்களால் குழப்பம் நேர்வதாக எழுத, உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்டார்கள். நபியவர்கள் மதீனா வந்தடைந்தது ரபீஉல் அவ்வலில். ஆண்டோ முஹர்ரமில் தொடங்குகிறது. அந்த இடைவெளி எவருக்கும் உறுத்தவில்லை.

அரஃபா நாளொன்றில் மஸ்ரூக் (ரஹ்) அவர்கள், இது பெருநாளாக இருந்துவிடுமோ என்று அஞ்சி நோன்பு நோற்காமல் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். மக்கள் குர்பானி கொடுக்கும் நாளே குர்பானி நாள், மக்கள் நோன்பை விடும் நாளே ஈதுல் ஃபித்ர் என்ற பொருளில் அன்னையார் அவரைத் தேற்றினார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களில் நன்கறியப்பட்ட இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் இதனை இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. ஹாஜிகள் தவறுதலாகப் பத்தாம் நாளில் அரஃபாவில் நின்றுவிட்டால் அவர்களின் ஹஜ் நிறைவேறும். ஆனால் நின்றவர்கள் வழக்கத்துக்கு மாறான சிறு கூட்டமாயின், வலுவான கருத்தின்படி, அவர்கள் மீண்டும் ஹஜ் செய்ய வேண்டும். பிழை ஒன்றே, நின்றவர் தொகை மட்டுமே வேறு.

இன்று நம் ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு பெருநாள்கள் வருகின்றன. ஒரே வீட்டில் மகன் தொழுகைக்குப் புறப்படும் காலையில் தந்தை நோன்பாளியாக இருக்கிறார். கணக்கா, கண்ணா, உலகப் பிறையா, உள்ளூர்ப் பிறையா என்று ஆதாரங்களை அடுக்குவதில் எவரும் குறை வைப்பதில்லை. அறிஞர்களிடையே இவ்விவாதம் பழமையானது. சாட்சியம் கணக்கோடு முரண்பட்டால் ஏற்கலாகாது என்று இமாம் ஸுப்கி (ரஹ்) அவர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்கள். குறைபின் செய்தி இரு நகரங்களைப் பற்றியது. ஒரு மஹல்லாவை இரண்டாகப் பிரிப்பதற்கு அதனை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது என்பதே நம் கருத்து.

ஷவ்வால் பிறையைத் தனியே கண்டு, சாட்சியம் ஏற்கப்படாதவர் என்ன செய்வார்? மற்ற மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் அவர் மக்களோடு நோன்பிருக்க வேண்டும் என்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அவருடைய கண்ணை மதித்து, அவர் நோன்பை விடவேண்டும் என்றார்கள், ஆனால் மறைவாக. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறார். வெளியே ஊர் இன்னும் ரமளானில் இருக்கிறது.