ராயப்பேட்டையின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஏப்ரல் மாதம் வந்தால் எனக்கு அழைப்புகள் வரும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் நல்ல மனிதர்கள் நடத்தும் சிறு வட்டங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள், காபி தருவார்கள், ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அம்பேத்கர் பிறந்த மாதமல்லவா, அந்த மாதத்துப் பேச்சாளர் நம்மில் ஒருவர். ஒருமுறை நான் பேசி முடித்ததும் பெரியவர் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு "அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் பேருந்தில் திரும்பும்போது அந்த "அடுத்த வருஷம்" உறுத்திக்கொண்டே வந்தது. மீதி பதினொரு மாதமும் அவர்கள் கூடுகிறார்கள். அப்போது நான் எங்கே?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இந்த நகரத்தின் பழைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தேடிப் போனேன். தோழர்களே, சென்னையில் தாராள மனதுள்ள சபைகளுக்கு இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் தொடங்கியவர் வெள்ளைக்காரரும் அல்ல, பெரிய வீட்டுப் பிள்ளையும் அல்ல. வீட்டு வேலை செய்தவர்.

திருவேங்கடம் என்ற பெயரில் 1768இல் பிறந்தவர் அவர். வேலைக்காரராக இங்கிலாந்து போனார், அங்கே கிறித்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். துரைமார் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே பிரீஸ்ட்லி, லிண்ட்சே போன்றவர்களின் யூனிடேரியன் புத்தகங்களைப் படித்தார். கடவுள் ஒருவரே, இயேசு மனிதர், திரித்துவம் என்பது பிற்காலச் சேர்க்கை என்பது அந்தப் பிரிவின் கொள்கை. சென்னைக்குத் திரும்பி 1795இல் ஒரு சபை தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டினார். வழிபாட்டு முறையைத் தமிழில் எழுதினார். லண்டனில் இருந்த யூனிடேரியன்களுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் அங்கே அச்சாயின. 1838இல் அவர் இறக்கும்வரை வார வழிபாட்டை நடத்தியவர் அவரேதான். மிஷன் சம்பளம் கிடையாது, பிஷப் கிடையாது. ஒரு பட்லர், அவரைச் சுற்றி ஏழைகளின் ஒரு கூட்டம்.

அதே காலத்தில் பெரிய சபைகளின் நிலை என்ன? தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் உட்காருவது, திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலில் தொடுவது என்ற சண்டை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சாமியை மாற்றிக்கொண்டவர்களால் பந்தியை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

ராபர்ட்ஸை நான் மதிக்கிறேன். ஆனால் அவரை நம் முன்னோடி வரிசையில் அவசரமாகச் சேர்த்துவிட வேண்டாம். அவர் வேளாளர். கடவுள் ஒன்றா மூன்றா என்பதே அவர் காலமெல்லாம் வாதாடிய கேள்வி. மனிதர் ஒன்றா நூறா என்பது நம் கேள்வி.

அடுத்தது 1864. கேசப் சந்திர சென் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து பேசினார். விருந்தினர் ஒருவரின் பேச்சு ஓர் ஊரை எப்படி அசைக்கும் என்பதற்கு நல்ல சான்று அது. அவர் போன சில மாதங்களுக்குள் இங்கே வேத சமாஜம் பிறந்துவிட்டது. 'தத்துவபோதினி' என்று தமிழில் பத்திரிகையும் வந்தது. படித்த, உத்தியோகம் பார்த்த, உயர்சாதி ஆண்கள். உருவ வழிபாடு வேண்டாம், குழந்தை மணம் வேண்டாம், விதவைக்கு மறுமணம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சுதான். உறுப்பினர்கள் ஏற்க வேண்டிய உறுதிமொழியும் இருந்தது. அதில் சாதியைப் பற்றியும் ஒன்று உண்டு. சாதி வேற்றுமைகளைப் படிப்படியாகக் கைவிடுவேன் என்பது அதன் சாரம். கல்யாணம், சாவு போன்ற சடங்குகளில் தவிர்க்க முடியாவிட்டால் பழைய முறையையே பின்பற்றலாம், அதை மதமாக மட்டும் கருதாதே என்ற சலுகையும் இருந்தது.

படிப்படியாக! இந்த ஒரு சொல்லை நான் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்பேன். ஒருவன் படிப்படியாக இறங்கி வரும்வரை இன்னொருவன் கீழேயே நிற்க வேண்டும் என்று அதற்குப் பொருள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். சமாஜத்தில் ஸ்ரீதரலு நாயுடு என்றொருவர் இருந்தார். இந்தச் சலுகையெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை. சிரமப்பட்டுக் கல்கத்தா வரை போய்ப் படித்து வந்தார். பிரம்ம சமாஜ நூல்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கொண்டுவந்தார். 1871இல் அமைப்பின் பெயரையே தென்னிந்திய பிரம்ம சமாஜம் என்று மாற்றிக் கொள்கையையும் கடுமையாக்கினார். 1874இல் ஒரு வண்டி விபத்தில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1892இல் விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியின் சார்பில் வந்திருந்த சித்த வைத்தியர் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, எங்கள் மக்களுக்குச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் ஏன் இடமில்லை என்று கேட்டார். சபையில் கூச்சல். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்ற பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டார் பண்டிதர். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முற்போக்காளர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அங்கே அவர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் விருந்தாளி ஆக்கப்பட்டார், அதுவும் வேண்டாத விருந்தாளி.

ஆறு ஆண்டு கழித்து அடையாறு தியசாபிகல் சங்கத்தின் கர்னல் ஆல்காட்டை அணுகினார். 1894லேயே பஞ்சமருக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தவர் ஆல்காட். 1898இல் அவருடன் கொழும்பு போய், சுமங்கல மகாநாயகரிடம் பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றார். அதே ஆண்டு ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தொடங்கியது. மயிலாப்பூர்க் கோபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் ராயப்பேட்டை. அந்தக் கோபுரத்துக்குள் நுழைய முடியாதவர்கள் தங்களுக்கென்று ஓர் இடம் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சங்கத்தின் வார வாழ்க்கைதான் என்னை ஈர்த்தது. 1907 ஜூன் 19 முதல் புதன்தோறும் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அடுத்த ஆண்டிலேயே பெயரிலிருந்து 'ஒரு பைசா' போய் வெறும் 'தமிழன்' ஆனது. புதனன்று அச்சில், ஞாயிறன்று நேரில். பஞ்சசீலம் சொல்வது, பிறகு பிரசங்கம், பிறகு கேள்வி. ஏன் ஞாயிறு? பௌத்தத்தில் ஞாயிற்றுக்குத் தனிப் புனிதம் கிடையாது, பௌர்ணமிக்குத்தான். ஆனால் பௌர்ணமிக்கு யார் லீவு கொடுப்பார்கள்? வந்தவர்கள் அச்சகத்திலும் ரயில்வேயிலும் துரைமார் வீடுகளிலும் வேலை செய்தவர்கள். அவர்களுடைய நாள் ஞாயிறுதான். அந்த ஒரு நாள்கூட எல்லாருக்கும் கிடைத்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வார விடுமுறை பெற்றது 1890இல், புலே வழிவந்த லோகாண்டேயின் போராட்டத்தால். நாம் இன்று தூங்கிக் கழிக்கும் ஞாயிறு போராடி வாங்கியது.

ராயப்பேட்டைக்கும் விருந்தினர்கள் வந்தார்கள். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிக்குகள். கிறித்தவக் கல்லூரி விஞ்ஞானப் பேராசிரியர் லட்சுமி நரசு. மீனவர் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலர். இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. பேராசிரியர் வந்து பேசிவிட்டுப் போகிறார், கூடத்தை அடுத்த வாரத்துக்கும் திறந்து வைப்பவர்கள் நம் ஆட்கள். அழைப்பவரும் நாமே, தலைப்பு வைப்பவரும் நாமே, பேச்சு பிடிக்காவிட்டால் புதனன்று மறுத்து எழுதுபவரும் நாமே.

மறுத்தும் எழுதினார்கள். நரசுவின் பௌத்தம் பாலி நூல்களிலும் நவீன விஞ்ஞானத்திலும் நின்றது. அவருடைய 'பௌத்தத்தின் சாரம்' என்ற ஆங்கில நூல் வெளிவந்ததும் 1907இல்தான். பண்டிதரின் பௌத்தம் வேறு. அவர் மணிமேகலையையும் நிகண்டுகளையும் ஔவையையும் எடுத்துவைத்துப் பேசினார். திருக்குறளைத் திரிபிடகத்தோடு சேர்த்துத் 'திரிக்குறள்' என்றார். தீபாவளி எள் நெய்யைக் கண்டுபிடித்த நாள், கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய்யைக் கண்டுபிடித்த நாள் என்று விளக்கம் சொன்னார். இதற்கெல்லாம் ஆதாரம் கேட்டால் ஒரு வரலாற்று மாணவர் திணறுவார், நானும் திணறுவேன். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் இடத்திலிருந்து யோசியுங்கள். ஊரே கொண்டாடும் பண்டிகையை வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவரிடம், இது உன் தாத்தன் தொடங்கியது என்று ஒருவர் சொல்கிறார். நரசுவால் அதைக் கொடுத்திருக்க முடியாது. நரசு கொடுத்த அறிவியல் தெளிவைப் பண்டிதரால் கொடுத்திருக்க முடியாது. இருவருக்கும் உரசல் இருந்ததில் வியப்பில்லை. எனக்கு அந்த உரசல் பிடித்திருக்கிறது.

பண்டிதரின் தாத்தா கந்தப்பனும் பட்லர்தான், ஹாரிங்டன் துரை வீட்டில். அவர் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்துத்தான் அது எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பேரன் எழுதியிருக்கிறார். புரசைவாக்கத்து ராபர்ட்ஸும் இந்தக் கந்தப்பனும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். இந்த நகரத்தின் அறிவு வரலாற்றைச் சமையல்கட்டு வழியாக ஒருமுறை யாராவது எழுத வேண்டும்.

திரு.வி.க. வளர்ந்ததும் ராயப்பேட்டையில். சிறு வயதில் முடங்கிப்போன அவர் கைகால்களைக் குணமாக்கியவர் பண்டிதர் என்று அவரே எழுதியிருக்கிறார். வாலிபத்தில் சைவப் பற்றோடு பௌத்தக் கூட்டத்தைக் குலைக்கப் போனவர், சிங்காரவேலர் டார்வினைப் பற்றிப் பேசியதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். குலைக்க வருபவருக்கும் ஒரு பாய் போட்டு வைப்பது நல்ல வழக்கம்தான்.

அடையாறோடு வந்த உறவு நீடிக்கவில்லை. ஆல்காட் 1907இல் இறந்தார். தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட் 1909இல் 'இந்தியன் ரெவ்யூ'வில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட குழந்தைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது, முதலில் அவர்களுக்குச் சுத்தத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் வாதம். சகோதரத்துவம் பேசிய அடையாற்றிலிருந்து வந்த சொல் இது. பின்னாளில் அம்பேத்கர் அந்தக் கட்டுரையைத் தம் நூலில் நீளமாக எடுத்துக்காட்டினார். ராயப்பேட்டைக்காரர்கள் அதற்குள் தங்கள் சொந்தக் கூடத்தை வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கிளைகள் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் வட ஆர்க்காட்டு ஊர்களுக்கும் கடல் கடந்து ரங்கூனுக்கும் டர்பனுக்கும் போயின. தமிழர் எங்கே கூலிக்குப் போனார்களோ அங்கெல்லாம் 'தமிழனும்' போனது. கல்யாணமும் சாவும் பௌத்த முறையில் நடந்தன. வேத சமாஜம் சலுகை கொடுத்து நழுவிய இடம் இதுதான். கூலி வேலைக்காரர்கள் அதில் உறுதியாக நின்றார்கள். பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்தார். சில காலத்துக்குப் பின் 'தமிழன்' தங்கவயலில் அப்பாதுரையார் கையில் மீண்டும் எழுந்தது. நரசு 1934 வரை வாழ்ந்தார். அவருடைய அந்த நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபடி பதிப்பித்தவர் அம்பேத்கர்.

அதற்கு நான்காண்டு முன்பு, 1944 செப்டம்பர் 24, சென்னைப் பகுத்தறிவுச் சங்கத்தின் சார்பில் அம்பேத்கர் பேசினார். பழைய இந்திய வரலாறு பார்ப்பனியத்துக்கும் பௌத்தத்துக்கும் நடந்த போராட்டமே என்றார். காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு ஆண்டாக நாங்களும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம், வாரிய வீட்டு மொட்டைமாடியில். முதலில் ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தோம். பிள்ளைகள் வந்தார்கள், அம்மாக்கள் வரவில்லை. ஒரு வாரம் ஓர் அக்கா கேட்டார்: "ஞாயித்துக்கிழமை குப்பைய யாருப்பா அள்ளுறது?" மாநகராட்சி ஒப்பந்தத்தில் வேலை செய்பவர். ஞாயிறும் அவருக்கு வேலைநாள்தான். இப்போது மாலை நாலரைக்குக் கூடுகிறோம். வேலை முடிந்து, குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து வருகிறார்கள். போன வாரம் அவர்தான் 'தமிழன்' கட்டுரை ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தார். இடையில் நிறுத்தி, இந்த எள்ளு நெய்க் கதை நிஜமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், இன்னும் முடியவில்லை.